மலைமேல் ஒரு பள்ளி

மூட்டை சுமப்பது நம் தேசத்தில் புதிய விஷயம் அன்று. காசிக்குப் போனவர்கள் சுமந்தார்கள். பழனிக்குப் போனவர்கள் சுமந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் இன்றும் சுமக்கிறார்கள். அவர்களெல்லாம் தலையிலும் தோளிலும் சுமந்ததை இக்காலத்து வாலிபர்கள் முதுகுக்கு மாற்றியிருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். மூட்டைக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒரு வார், பக்கத்தில் தண்ணீர்க் குப்பி, உள்ளே ஒரு போர்வை, இரண்டு சட்டை, கைப்பேசிக்கு மின்சாரம் ஊட்டும் ஒரு சிறு பெட்டி. இவற்றோடு தேசம் முழுவதும் சுற்றி வருகிறார்கள். ஓட்டலில் தனி அறை கேட்பதில்லை. ஒரே அறையில் ஆறு கட்டில், எட்டுக் கட்டில் போட்டிருக்கும் விடுதிகளில் தங்குகிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் யார் என்பது படுக்கப் போகும்போதுதான் தெரியும்.

பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு இந்த முறை மிகவும் பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம். முதற் காரணம், செலவு குறைவு. இரண்டாவது காரணம், வருஷத்தில் பத்து மாதம் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு, எவரையும் திருத்த வேண்டாத இரண்டு நாட்கள் அவசியமாகின்றன. ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நாமும் ஒரு முதுகு மூட்டையைக் கட்டிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினோம். நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர் இப்படிக் கிளம்பினால் வீட்டிலுள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. நேயர்கள் யாவரும் குடும்பஸ்தர்களே.

எழுபது வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரையில் சாலை மிகவும் சாதுவானது. அதன் பிறகு அதன் சுபாவமே மாறிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து உச்சிக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை நாட்டியிருக்கிறார்கள். இந்த எண்கள் பிரயாணிகளுக்குத் தைரியம் சொல்வதற்காக வைக்கப்பட்டவையா, பயமுறுத்துவதற்காக வைக்கப்பட்டவையா என்பது விளங்கவில்லை. இருபதாவது வளைவு வரையில் பஸ்ஸில் அரட்டை பலமாக இருந்தது. நாற்பதாவது வளைவில் எல்லோரும் மௌன விரதம் பூண்டார்கள். ஐம்பதாவது வளைவில் நமக்கு முன் ஆசனத்திலிருந்த அம்மாள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம் பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, கேளாமலே நமக்கும் ஒன்று நீட்டினார். அறுபதாவது வளைவுக்கு மேல் குளிர்ந்த காற்று வந்து முகத்தில் மோதியது. மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், காப்பித் தோட்டங்களும், பலாவும் வாழையும் அன்னாசியும் கண்ணுக்குத் தெரிந்தன. பட்ட சிரமம் உடனே மறந்து போயிற்று.

கொல்லிமலை ஒரே சிகரமாக நிற்கும் மலை அன்று. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 மீட்டரிலிருந்து 1300 மீட்டர் வரை உயர்ந்து, மேலே பரந்து கிடக்கும் ஒரு தனி ராஜ்யம். அந்த ராஜ்யம் பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று பெயர்களைக் கேட்கும்போதே பழைய சோழ சாஸனம் ஒன்றைப் படிப்பது போலிருக்கும். சமவெளியில் 'நாடு' என்ற இந்தப் பிரிவு வருவாய்க் கணக்குகளிலிருந்து மறைந்து எவ்வளவோ காலமாயிற்று. இங்கே அது பஸ் பலகையிலும் ரேஷன் அட்டையிலும் சௌக்கியமாக வாழ்கிறது.

இந்நாடுகளின் குடிமக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழே. முன்னொரு காலத்தில் காஞ்சீபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகப் புறப்பட்டு வந்து மலைகளைப் பங்கிட்டுக்கொண்டவர்களின் வம்சம் என்பது அவர்கள் வழி வழியாகச் சொல்லிவரும் வரலாறு. சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களை அவர்கள் பரம்பரையாகப் பயிரிட்டு வந்தார்கள். ஆலைக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு பிற்காலத்தில் அந்த நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

ஆறு கட்டில்கள்

நாம் தங்கிய விடுதி அரியூர் நாட்டில் ஒரு சரிவின் ஓரத்தில் இருந்தது. ஓட்டு வீடு, நீண்ட திண்ணை, ஆறு கட்டில்கள் போட்ட ஒரு கூடம், பெண்களுக்குத் தனியாக ஓர் அறை. சமையலுக்கு அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மாள். கூடத்தில் நமக்கு முன்பே இருவர் இருந்தனர். ஒருவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ் வாலிபர். மற்றவர் ஜெர்மனி தேசத்து மாணவர். பெண்கள் அறையில் கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு நர்ஸுகள். நாம் உபாத்தியாயர் என்று சொன்னதுமே எல்லோரும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த உத்தியோகத்தில் கிடைக்கும் ஒரே மரியாதை அதுதான்.

அப்போது ஜெர்மன் மாணவர் ஒரு சங்கதி சொன்னார். இம்மாதிரி விடுதிகளை உலகத்தில் முதன்முதலில் ஏற்படுத்தியவர் அவருடைய தேசத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயராம். 1909-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கால்நடையாகப் பிரயாணம் செய்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தூங்கினார்கள், உபாத்தியாயருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களையெல்லாம் இப்படி யாத்ரிகப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். 1912-இல் ஆல்டெனா என்னும் ஊரிலுள்ள பழைய கோட்டையில் முதலாவது நிரந்தர விடுதி ஏற்பட்டது. பிறகு அது உலகமெங்கும் பரவிவிட்டது.

இதைக் கேட்டு நமக்கு ஒரு பக்கம் பெருமையாகவும், மறு பக்கம் ஆச்சரியமாகவும் இருந்தது. ஏனெனில், மறு நாள் நாங்கள் பார்க்கப் போகும் கோயிலின் பழைய பெயர் அறப்பள்ளி. தமிழில் 'பள்ளி' என்ற சொல்லுக்குப் படுக்கை என்றும் பொருள். துறவிகள் தங்கும் இடம் என்றும் பொருள். கல்வி கற்கும் இடம் என்றும் பொருள். ஷிர்மானுக்கு மழை இரவில் தோன்றிய யோசனை தமிழ்ச் சொல்லுக்குள் எவ்வளவோ காலமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

அறப்பள்ளி

காலையில் ஐவருமாகச் செம்மேட்டுக்குப் போனோம். அங்கே வல்வில் ஓரி குதிரைமேல் அமர்ந்து சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததென்று வன்பரணர் பாடியிருக்கிறார். வேட்டையாடியவன் யாரென்று தெரியாமலே பாணர்கள் ஓரியின் பெயரைச் சொல்லிப் பாட, அவன் வெட்கப்பட்டுத் தலை கவிழ்ந்தானாம். பிறகு மான் இறைச்சியும் பொன்னும் மணியும் கொடுத்தனுப்பினானாம். 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டுக் கொடுத்திராவிட்டால் இந்த வெட்கம் நமக்குத் தெரிந்தே இராது. அத்தகைய வள்ளலைத் திருமுடிக்காரி போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். வருஷந்தோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் ஓரிக்கு அரசாங்கத்தார் விழா எடுக்கிறார்கள்.

அங்கிருந்து பஸ்ஸில் வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்றோம். அப்பரும் சம்பந்தரும் தங்கள் பதிகங்களில் பெயர் குறித்த ஸ்தலம் இது. தனிப் பதிகம் பெறாமல் பெயர் மட்டும் வந்திருப்பதால் வைப்புத் தலம் என்பார்கள். அம்பலவாண கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்தச் சுவாமியின் பெயரிலேயே நடக்கிறது. பக்கத்தில் ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். வெட்டுண்ட மீனையும் இந்தச் சுவாமி பொருத்தி நீந்தவிட்டார் என்பது ஐதீகம். அதனால் அங்கே ஒருவரும் மீன் பிடிப்பதில்லை.

கோயிலில் உள்ள பழைய கல்வெட்டுகளைப் பார்த்ததும் வாலிபர், "இதில் என்ன சார் எழுதியிருப்பார்கள்? யுத்தங்களா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் கணக்குத்தான், தம்பி" என்றோம். நம் தேசத்துக் கோயில் கல்வெட்டுகளில் யுத்தமும் மெய்க்கீர்த்தியும் நாலு வரி; மற்றவையெல்லாம் இவ்வளவு நிலம், இவ்வளவு நெல், இவ்வளவு நெய். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு வைக்க வேண்டுமானால் சாதாரணமாக 96 ஆடுகளைக் கொடுப்பார். இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு தினந்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பார். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாதவை, கிழடாகவும் ஆகாதவை. உண்மையில் ஆடு செத்துத்தான் போகும். ஆனால் செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையை மாத்திரம் குறையாமல் காப்பாற்ற வேண்டும். சூரிய சந்திரர் உள்ளவரை 96 என்றால் 96 தான். "ஆடு மாறும், எண் மாறாது" என்று சொன்னோம். நர்ஸுகளில் மூத்தவள், "எங்கள் ஆஸ்பத்திரி மருந்து அலமாரிக்கும் அதே சட்டம்தான்" என்றாள்.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. இறங்கும்போது எல்லோரும் கவிகள். ஏறும்போது எல்லோரும் நோயாளிகள். இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்வதற்கில்லை.

ஏழு கற்கள்

மாலை அரியூர் நாட்டுக்குத் திரும்பி, விடுதிக்கு வயல் வரப்பு வழியாக நடந்து வந்தோம். ஒரு பெரிய மரத்தின் அடியில் கூரையில்லாத ஒரு சிறு பிள்ளையார் கோயில். பிள்ளையாருக்கு முன்னால் எண்ணெய் பூசிய கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கையகலம் கூட இல்லை. ஒரு பக்கம் குறுகி, மறு பக்கம் அகன்று, அகன்ற விளிம்பு வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது.

அவை புதிய கற்காலத்துக் கோடரிகள். இரும்பு வருவதற்கு முன், கருங்கல்லை உடைத்து, கொத்தி, மணலும் தண்ணீரும் விட்டு நாட்கணக்கில் தேய்த்துச் செய்தவை. மூவாயிரம், நாலாயிரம் வருஷங்களுக்கு முன் இந்த மலைக்காடுகளை வெட்டி முதல் விதையை விதைத்தவர்களின் ஆயுதம். திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்பொருள் இலாகா அகழ்ந்து பார்த்தபோது இத்தகைய கோடரிகளும், அவர்கள் வாழ்ந்த குழி வீடுகளும், கருகிய கொள்ளும் பயறும் அகப்பட்டன. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பிற்காலத்தில் ஏற்காட்டில் வசித்தார். சேலம் ஜில்லா மலைகளில் இக்கற்கள் பிள்ளையார் கோயில்களில் பூஜையில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே குறித்திருக்கிறார்கள். ஏர் பிடிப்பவன் நிலத்தில் அகப்பட்டதைத் தூக்கி எறியாமல் சுவாமியிடம் ஒப்படைத்திருக்கிறான்.

இதையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வயலிலிருந்து ஒரு முதியவர் வந்தார். "என்ன பாக்கறீங்க, வாத்தியாரய்யா? அது இடி விழுந்த கல்லுங்க" என்றார்.

"எத்தனை கல் இருக்கிறது, கவுண்டரே?" என்று கேட்டோம்.

"எங்க பாட்டன் காலத்துல பதினொண்ணுன்னு சொல்வாங்க. இப்ப ஏழு."

"மற்ற நாலும் எங்கே?"

முதியவர் சாலை இருக்கும் திசையைக் கை காட்டினார். "எழுபது வளைவும் இறங்கிப் போயிருக்கும்" என்றார். அதில் கோபம் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இரவு விவகாரம்

இரவு சாமைச் சோறும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். குளிர் பலமாயிருந்தது. ஜெர்மன் மாணவர் தம் ஊர்ப் பாட்டு ஒன்று பாடினார்; நர்ஸுகள் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். அப்போது பெங்களூர் வாலிபர் தம் மூட்டையைப் பிரித்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு பொருளை எடுத்து விளக்கடியில் வைத்தார். அந்தக் கற்களில் ஒன்று!

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. மூத்த நர்ஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்படியானால் இப்போது ஆறு" என்றாள்.

வாலிபர் கெட்டவர் அல்லர். பஸ்ஸில் கிழவிக்கு எழுந்து இடம் கொடுத்தவர். படியேறும்போது நமது மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவர். அவர் தமது கட்சியைச் சாமர்த்தியமாகவே எடுத்துச் சொன்னார். "நான் விற்கப் போவதில்லை. என் மேஜைமேல் கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக வைப்பேன். இங்கே மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. என்னைப் போல் அதன் அருமை தெரியாத ஒருவன் நாளைக்கு எடுத்துப் போவான். ஃபூட் துரையும் எடுத்துத்தானே போனார்? அவர் செய்தால் ஆராய்ச்சி, நான் செய்தால் திருட்டா?"

கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். "ஃபூட் சேகரித்தவை 1904-இல் சென்னை மியூஸியத்துக்கு வந்து சேர்ந்தன, தம்பி. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகளை மியூஸியத்தார் 1916-இல் புஸ்தகமாகவே வெளியிட்டார்கள். இன்றைக்கும் ஊர்ப் பெயர் சொல்லி அந்தக் கல்லை விசாரிக்கலாம். உன் மேஜைமேல் இருக்கும் கல்லுக்கு அரியூர் நாட்டின் பெயர் எத்தனை நாள் இருக்கும்? நீ வீடு மாறும்போது இருக்குமா? உன் பேரன் அதைக் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கல் என்றுதானே நினைப்பான்?" என்றோம்.

சட்டத்தையும் சொன்னோம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்களை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதையும், தனியார் வெளிதேசத்துக்கு ஏற்றுமதி செய்வதையும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. நிலத்துக்குள் அகப்படும் பழம் பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் கூறுகிறது. ஆனால் சட்டம் வாலிபரின் முகத்தை மாற்றவில்லை. "என் விஷயம் இரண்டிலும் சேராதே, சார்!" என்று சிரித்தார்.

பாத்திரம் எடுக்க வந்த சமையற்கார அம்மாள் விளக்கடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் அதே ஊர்க்காரி என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, எம் மக நாளைக் காலையில பிள்ளையாருக்குத் தண்ணி ஊத்தப் போவா. ஊத்தும்போது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே ஊத்துவா. அவ எண்ணப் படிச்சதே அந்தக் கல்லுலதான். ஆறோட நின்னுபோச்சுன்னா நான் அவளுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அம்மாள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாலிபர் கல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மிடம், "பொழுது எத்தனை மணிக்கு விடியும், சார்?" என்று விசாரித்தார்.

காலை இருட்டிலேயே ஐவரும் போனோம். பனி மூட்டத்தில் மரமே சரியாகத் தெரியவில்லை. வாலிபர் கல்லை அதன் இடத்தில் வைத்தார். எண்ணெய் படிந்த மண்ணில் அதன் அச்சு அப்படியே இருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. சற்று நேரத்தில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி செம்புடன் வந்தாள். எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே ஏழு வரையில் எண்ணித் தண்ணீர் ஊற்றினாள்.

ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டலாம். கல் போனால் அதற்குக் குட்டி இல்லை. ஆகவே அன்று முற்பகல் முதியவரைக் கண்டு, இந்தக் கணக்கை எழுதி வைக்கலாமா என்று கேட்டோம். "கல்லைக் கொண்டு போகாமே கணக்கை மட்டும் கொண்டு போறதானா, எழுதிக்குங்க" என்றார். நர்ஸின் அளவு நாடாவால் நீளமும் அகலமும் அளந்தோம். ஜெர்மன் மாணவர் ஒவ்வொரு கல்லையும் பென்சிலால் படம் எழுதினார். வாலிபர் தமது கைப்பேசியில் பக்கத்துக்கு இரண்டு படமாகப் பிடித்தார். எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப் பெயர், நாட்டுப் பெயர், தேதியோடு எழுதி, ஒரு பிரதியை முதியவரிடமும் மற்றொன்றைச் சமையற்கார அம்மாளின் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடமும் சேர்ப்பித்தோம். நாலு கற்கள் போய்விட்டன என்பதையும் அதில் எழுதியிருக்கிறது.

இதைப் படிக்கும் குடும்பங்களில் பலர் கோடையிலும் பூஜா விடுமுறையிலும் குழந்தைகளோடு மலைகளுக்கும் பழைய ஸ்தலங்களுக்கும் போகிறவர்கள். மூட்டையில் பலகாரத்தோடு ஒரு நோட்டும் பென்சிலும் அளவு நாடாவும் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கண்டதை எழுதி, எழுதியதில் ஒரு பிரதியை அந்த ஊர்ப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்குப் புராதன ஆராய்ச்சி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழு வரையில் எண்ணத் தெரிந்தால் போதும்.